மறு: டெலிஹெல்த்: 'தொலைமருத்துவம்' ஒன்றே போதுமா?

குழுவினருக்கு வணக்கம். டெலிமெடிசின் (தொலைவிலிருந்து டாக்டர் பார்க்கும் மருத்துவம்), டெலிஹெல்த் (தொலைவிலிருந்து தரும் எல்லா உடல்நலச் சேவையும்) போன்ற ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> டெலிமெடிசின், டெலிஹெல்த் இரண்டுக்கும் 'தொலைமருத்துவம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. படிக்கிறவர்களுக்கு என்ன வேறுபாடு தெரியப்போகிறது?

ஐயா, எளிமை கருதிச் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. மருத்துவம் என்றதும் பேச்சிலும் சரி, சட்டத்திலும் சரி, டாக்டர்தான் முன்னால் வந்து நிற்பார். 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டுதல்களும் பதிவுபெற்ற மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவைதான். டெலிஹெல்த் அதைவிட அகலமானது. சர்க்கரை நோயாளியைப் போனில் கூப்பிட்டு 'மாத்திரை போட்டீங்களா, காலில் புண் ஏதும் இருக்கா' என்று விசாரிப்பது, பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்குத் தாய்ப்பால் கொடுப்பதில் வரும் சிக்கலைப் பேசித் தீர்ப்பது, வீட்டில் எடுத்த பிரஷர் அளவைக் கேட்டுப் பதிந்துகொண்டு, ஏறியிருந்தால் டாக்டருக்குத் தெரிவிப்பது எல்லாம் அதில் அடங்கும். இந்த வேலைகளைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் செவிலியர்கள். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இவ்வளவு வேலையும் டாக்டர் கணக்கில் போய்விடும். பாடநூலிலும் அரசாணையிலும் இடம்பெறப்போகிற சொற்கள் இவை. ஒரு வேலைக்குத் தனிப் பெயர் இருந்தால்தான் அதற்குப் பயிற்சியும் பணியிடமும் கேட்க முடியும்.

ஆகவே தொலைமருத்துவம் டெலிமெடிசினுக்கே இருக்கட்டும். செவிலியர் தாமே தொலைவிலிருந்து செய்யும் பணிக்குத் 'தொலைச்செவிலியம்' என்று ஏற்கெனவே ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் இதற்கு அப்புறம்தான் வருகிறது. இந்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வழிகள் உண்டு. 2019 நவம்பரில் வந்த முதல் வழியில் துணை சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரை அழைப்பார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், வீட்டிலிருந்தபடியே நோயாளி டாக்டரோடு பேசும் இரண்டாவது வழி வந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள், வீட்டில் உள்ள ஒரே போனும் கணவர் கையில் இருக்கும் பெண்கள், சிக்னல் எட்டாத மலைக் கிராமத்தார் ஆகியோருக்கு இரண்டாவது வழியால் பெரிய பயன் இல்லை. அவர்களுக்கு முதல் வழிதான் கைகொடுக்கும்.

அங்கே நடப்பதைக் கவனியுங்கள். செவிலியப் படிப்பு முடித்த இடைநிலை சுகாதாரப் பணியாளர் (ஊரில் எல்லாருக்கும் அவர் நர்ஸம்மாதான்) வந்தவரின் பிரஷர், சுகர் பார்க்கிறார், பழைய சீட்டைப் புரட்டுகிறார், திரையில் டாக்டரை அழைக்கிறார். நோயாளி சொல்லத் தயங்குவதை எடுத்துச் சொல்கிறார். டாக்டர் சொல்லும் மருந்தைக் காலையில் எது, ராத்திரி எது என்று விளக்கிக் கொடுத்தனுப்புகிறார். இங்கே தொலைவில் இருப்பவர் டாக்டர் மட்டுமே. செவிலியர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார். இவர் செய்வதைத் தொலைச்செவிலியம் என்றால் பொருளே தலைகீழாகிவிடும். முன்பு சொன்ன டெலிமெடிசின் வழிகாட்டுதல்களும் இந்த இடத்தைத் தனியாகத்தான் பார்க்கின்றன: ஆலோசனையை நோயாளியே தொடங்கினால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளலாம், சுகாதாரப் பணியாளர் தொடங்கினால் நோயாளியிடம் வெளிப்படையாக ஒப்புதல் பெற வேண்டும்.

இந்தப் பணிக்குக் குறளின் 'உழைச்செல்வான்' என்பதை மீட்கலாம் என்று நம் குழுவில் உள்ள அம்மா ஒருவர் எழுதியிருந்தார். மருந்தின் நான்கு கூறுகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என்று எண்ணி, மருத்துவருக்குச் சமமாகப் பக்கத்தில் நின்று பார்ப்பவரையும் வைத்த குறள் அது. படிக்கும்போதெல்லாம் மனம் நிறையும். ஆனால் 'உழை' என்றால் பக்கம் என்பது இன்றைய மாணவிக்குத் தெரியாது, உழைப்பு என்றே எடுத்துக்கொள்வார். ஆண்பால் விகுதி வேறு. அதன் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு 'உடனிருப்புச் செவிலியர்' என்று முன்மொழிகிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. 2004 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் பார்வை மையங்களில் நோயாளியோடு இருப்பவர் செவிலியர் அல்லர், கண் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்றவர். அவரை 'உடனிருப்புப் பணியாளர்' என்றுவிடலாம்.

> டெலிஹெல்த்துக்குக் 'காணொலி நலம்' பொருந்தாதா?

பொருந்தாது. குரல் அழைப்பு, குறுஞ்செய்தி எல்லாமே இதில் சேரும். அமெரிக்காவில் 2020-ல் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வெறும் குரல் அழைப்புக்கும் கட்டணம் தர முன்வந்ததற்குக் காரணமே, வீடியோ வசதி இல்லாத முதியவர்கள் விடுபட்டுவிடுவார்கள் என்பதுதான். பட்டன் போன் வைத்திருப்பவரை வெளியே தள்ளும் சொல் நமக்கு வேண்டாம்.

'தொலைச்சுகாதாரம்' என்றால் பலருக்குத் தூய்மைப் பணிதான் நினைவுக்கு வரும். 'தொலைநல்வாழ்வு' நம் மக்கள் நல்வாழ்வுத் துறையின் பெயரோடு ஒத்துப்போகிறது, ஆனால் நல்வாழ்வு எங்கோ தொலைவில் இருப்பதுபோலத் தொனிக்கிறது. 'தொலைநலம்' என்பதிலும் அதே குறை. கூடவே ஒரு வினை வந்தால் சரியாகிவிடும்: 'தொலைநலப் பேணல்'. பேணுவது செவிலியரின் வேலை என்பதால் சொல்லிலேயே அவர் வந்துவிடுகிறார். 'தொலை' என்றாலே தொலைந்துபோவது நினைவுக்கு வருகிறது என்ற கவலை தேவையில்லை; தொலைபேசியும் தொலைநிலைக் கல்வியும் அதை எப்போதோ தீர்த்துவிட்டன.

'நர்ஸ்-லெட்' என்பதற்குச் 'செவிலியர் தலைமையிலான' என்று வைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் உயர்படிப்பு முடித்த செவிலியர் தாமே மருந்து எழுதி, மருத்துவ மையத்தையும் நடத்த முடியும். அங்கே தலைமை என்பது சரி. நம் துணை சுகாதார நிலையச் செவிலியருக்கு அந்த அதிகாரம் இல்லை, பொறுப்பு மட்டும் நிறைய இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் 'செவிலியர் முன்னின்று நடத்தும்' என்பது பொருந்தும்.

'வல்னரபிள்' மக்களுக்கு 'நலிந்த பிரிவினர்' வேண்டாம், நலிவு அவர்களுடைய இயல்பு என்பதுபோல ஆகிறது. 'எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்கள்' நீளம்தான், இருக்கட்டும்.

குழுவில் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். டாக்டரைத் திரையில் அழைத்துவிட்டு நோயாளியோடு இருக்கும் அந்த வேலையை உங்களுக்குள் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறீர்கள்? அங்கே ஏற்கெனவே நல்ல சொல் புழங்கினால் 'உடனிருப்பு' என்பதை நானே விலக்கிக்கொள்கிறேன்.