லிமொன்செல்லோ க்ரீம்: பால் ஏன் திரியலை?

மழைக்காகம்:
லிமொன்செல்லோ க்ரீம்னா எலுமிச்சை வாசத்தோட பாலும் க்ரீமும் சேர்த்துச் செய்யற இத்தாலிய இனிப்பு மது, நேரா வர்றேன். இத்தாலியில சொரெண்டோல நாங்க தங்கின வீட்டம்மா, சாப்பாடு முடிஞ்சதும் ஃப்ரீசர்லேர்ந்து பாட்டிலை எடுத்துக் குலுக்கி ஊத்தினாங்க. பாதாம்பால் மாதிரி கெட்டியா இறங்குச்சு. எலுமிச்சை வாசம் மூக்குல ஏறுது, புளிப்பு துளி இல்ல. எலுமிச்சை பிழிஞ்சா பால் பன்னீராகும்னு பார்த்து வளர்ந்தவன் நான். எப்படின்னு கேட்டா பேசாம மூலையைக் கை காட்டினாங்க. அங்க ஒரு கூடை நிறைய தோல் சீவின எலுமிச்சம்பழம், எல்லாம் மொட்டையா. சாறே சேர்க்கலையாம்! அந்த மொட்டைக் கூடை இன்னும் கண்ணுல நிக்குது.

ஓரத்து சீட்:
அங்க தோலை ஊறப்போட குடிக்கத் தகுந்த 95 சதவீத ஸ்பிரிட் கடையிலயே கிடைக்குது, நமக்கு வோட்காதான். நாள் கூடுதலா ஆகும், ஆனா மஞ்சள் இறங்கிடும். நான் ஜாடியைத் திறந்த நேரம் பார்த்து மாமியார் உள்ள வந்தாங்க. "என்ன மாப்ளே, ஊறுகாயா போடறீங்க?" "ஆமா அத்தை." கிட்ட வந்து மோந்தும் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ஊறுகாய் மட்டும் வரலை.

கசப்புக் காபி:
மழைக்காகம், சாறு பட்டாலே திரியும்னு முடிவு கட்டாதீங்க. ராமோஸ் ஜின் ஃபிஸ்ங்கிற காக்டெய்ல் என்னவாம்? 1888லயே நியூ ஆர்லியன்ஸ்ல ஹென்றி ராமோஸ் போட்டது. எலுமிச்சைச் சாறு, க்ரீம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் ஒண்ணாத்தான் குலுக்கறாங்க. திரியறது கேசின்ங்கிற புரதம். பால்ல அது ஜாஸ்தி, கெட்டி க்ரீம்ல கொழுப்புதான் ஜாஸ்தி. பெங்களூருல ஒரு பார்ல ஆர்டர் பண்ணேன். அந்தப் பையன் குலுக்கறான், குலுக்கறான், கை மாத்திக் குலுக்கறான். ஷேக்கர் மேல பனி பூத்துப்போச்சு. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான் பாருங்க. இன்னொண்ணு கேக்க தைரியம் வரலை.

அடுப்படி ராஜா:
நானும் ஒரு தடவை போட்டேன், நல்லா வந்துச்சு. செய்யப்போறவங்க கவனிங்க. தோல்ல மஞ்சள் மட்டும் சீவணும். வெள்ளை சேர்ந்தா கசக்கும், அப்புறம் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் போகாது. மெழுகு பூசின பழம் வேண்டாம். பாலும் க்ரீமும் சர்க்கரையோட காய்ச்சி, நல்லா ஆறினப்புறம்தான் ஊறலை வடிகட்டி ஊத்தணும். சூட்டோட ஊத்தினா சாராயம் ஆவியாப் போகும், திரியவும் வாய்ப்பிருக்கு. ஃப்ரீசர்லயே வைங்க, சாராயம் இருக்கறதால பாறையா உறையாது. மேல கொழுப்பு ஒதுங்கினா பயப்படாம குலுக்குங்க. நம்ம ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, சீவறதுக்குள்ள சாறு வந்துடும். அதுக்கு நாரத்தங்காய் தேவலை, தோல் தடிமன்.

மழைக்காகம்:
ராஜா, நான் செய்முறையே கேக்கலையே! காபி, உங்க ஃபிஸ் போட்ட உடனே குடிக்கிற சரக்கு. சாறு ஊத்தி அதை ஒரு வாரம் பாட்டில்ல வச்சுட்டு வந்து பேசுங்க.

ஓரத்து சீட்:
நாரத்தங்காயா? வீட்ல ஏற்கெனவே சந்தேகம். அதையும் வாங்கிட்டுப் போனா இந்தத் தடவை நிஜமாவே ஊறுகாய் போடச் சொல்வாங்க.