ரோலர் ஷாட்டுக்கு எந்த டிஸ்க்?

பெங்களூரு டிஸ்க் கோல்ஃப் (பறக்கும் தட்டை எறிஞ்சு கூடைல போடுற ஆட்டம்) மக்களே, ரோலர் (டிஸ்க் விளிம்புல இறங்கித் தரையில உருண்டு ஓடுற ஷாட்) மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. வலக்கை, பேக்ஹேண்ட். ஆடுறது பன்னேர்கட்டா சாலைப் பக்கம் ஒரு செம்மண் மைதானம். மழை நின்னதுல இருந்து மண் கல்லா இறுகிக் கிடக்கு, நடுநடுவே கோரைப்புல் திட்டு.

இன்னோவா கம்பெனியோட டீபேர்டு டிஸ்க் (7/5/0/2; வரிசையா வேகம், மிதப்பு, ஆரம்பத் திருப்பம், கடைசி வளைவு) காத்துலயே நிமிர்ந்து, தட்டையா விழுந்து சறுக்குது. லெப்பர்டு (6/5/-2/1) பரவாயில்ல, விளிம்புல அழகா இறங்கி ஓடுது; ஆனா கோரைல பட்டதும் துள்ளிப் படுத்துடுது. அன்ஹைசர் (டிஸ்க்கோட வெளி விளிம்பைத் தூக்கி எறியுறது) கோணத்தைக் கூட்டியும் குறைச்சும் பார்த்தாச்சு, விடுற உயரத்தையும் மாத்தியாச்சு. அடிபட்டுத் தேய்ஞ்ச டிஸ்க்தான் ரோலருக்கு நல்லா வளைஞ்சு போகும், என்கிட்ட இருக்குறது எல்லாம் புதுசு. கையில எடுத்துப் பார்த்து வாங்க வழியில்ல, ஒண்ணுதான் வரவழைக்க முடியும்.

இந்த மண்ணுக்கு ரோட்ரன்னர் (9/5/-4/1) வாங்கவா, சைட்வைண்டர் (9/5/-3/1) வாங்கவா?