வேற்றுக்கிரகத்தார் கலந்த கப்பல் குழு: நாவலில் நம்பும்படி எழுதுவது எப்படி?

தோபாயோ_வாசகி:
வணக்கம். விண்வெளி ஆய்வு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கப்பலில் பதினொரு பேர்: மனிதர் 5, ஊவர் 3, சாரியர் 3. ஊவருக்கு மெல்லிய காற்று போதும். 34 கிலோபாஸ்கல் அழுத்தம் (பூமிக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு), கிட்டத்தட்ட சுத்த ஆக்சிஜன். சாரியர் உடம்பில் தண்ணீருக்குப் பதில் திரவ அம்மோனியா. மைனஸ் 50 டிகிரியில் வாழ்பவர்கள். அவர்கள் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். முதல் வரைவைப் படித்தவர்கள் “ஊவரும் சாரியரும் வேஷம் கட்டிய மனிதர்களாகத் தெரிகிறார்கள்” என்கிறார்கள். தோல், கண், வால் என்று வர்ணனையைக் கூட்டினால் சரியாகுமா? இல்லை, குறை வேறெங்காவது இருக்கிறதா?

கப்பல்பட்டறை:
குறை வர்ணனையில் இல்லைங்க. இப்படிப்பட்ட மூன்று இனத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசவிட்டால் அங்கேதான் இடிக்கும். முதலில் கதவுகளை எழுதுங்கள்.

1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத்தின் சோயுஸ் கலமும் விண்ணில் இணைந்தபோது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலேயே இந்தச் சிக்கல் வந்தது. அப்பல்லோவில் 34 கிலோபாஸ்கல் சுத்த ஆக்சிஜன். சோயுஸில் வழக்கமாக 101 கிலோபாஸ்கல் சாதாரணக் காற்று. நேரே கதவைத் திறந்திருந்தால் சோயுஸ்காரர்களின் ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ்விட்டிருக்கும்; மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம்வரை போகும் சங்கதி அது. அதனால் ஏர்லாக் (இரு பக்கமும் கதவு உள்ள, அழுத்தத்தை மாற்றும் சிற்றறை) போல ஒரு தனிக் கூட்டைச் செய்து நடுவில் பொருத்தினார்கள். சோயுஸ் அழுத்தத்தையும் 69 கிலோபாஸ்கல் அளவுக்கு இறக்கினார்கள். இறக்காமல் இருந்திருந்தால், கடக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் சுத்த ஆக்சிஜன் இழுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

உங்கள் மனிதர் பகுதியையும் 69-இலேயே வையுங்கள். நமக்கு வேண்டிய ஆக்சிஜன் பகுதியழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு, 21, 22 கிலோபாஸ்கல். அப்படியென்றால் காற்றில் 32 சதவீதம் ஆக்சிஜன். நெருப்பு பற்றும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தச் சதவீதம்தான். 1967 ஜனவரியில் தரைச் சோதனையின்போது அப்பல்லோ 1 கூண்டு சுத்த ஆக்சிஜனில் எரிந்து மூவர் இறந்த பிறகு, உடையின் வெளிப்புறத்துக்குக் கண்ணாடி இழைத் துணி வந்தது. ஆகவே ஊவர் பகுதிக்குள் நுழையும் மனிதர் பருத்திச் சட்டையோடு போகக்கூடாது. வாசலில் உடை மாற்ற வேண்டும். பேப்பர், ஸ்பாஞ்ச், எண்ணெய்ப் பசை எதுவும் உள்ளே கூடாது. வாசலில் உடை மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நல்ல உரையாடலே வைக்கலாம்.

இன்னொன்று. 34 கிலோபாஸ்கலில் தண்ணீர் ஏறக்குறைய 72 டிகிரியிலேயே கொதித்துவிடும். விருந்தாளியாகப் போன மனிதர் அங்கே அரிசி போட்டால் குக்கர் இல்லாமல் வேகாது. குரல் மெலிந்து கேட்கும். காற்று மெல்லியது என்பதால் மின்விசிறி வழக்கம்போல் சுழன்றாலும் கருவிகளின் சூட்டைப் போதிய அளவு எடுக்காது. பூமியிலிருந்து கொண்டுவந்த கணினி அங்கே சூடேறி நின்றுபோகலாம்.

சாரியர் விவகாரம் இதைவிடக் கடினம். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை இருந்தால் பற்றும். அதனால் ஊவர் அறையும் சாரியர் அறையும் சுவரைப் பகிரவே கூடாது. நடுவில் மனிதர் பகுதி. சாரியர் வாசலில் 4 கன மீட்டர் ஏர்லாக், உள்ளே 101 கிலோபாஸ்கல் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரஜனை ஊதியே கழுவினால் ஐந்து மடங்கு கொள்ளளவு, அதாவது 20 கன மீட்டர் செலவான பிறகு ஹைட்ரஜன் 20-லிருந்து 0.13 சதவீதத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை கடக்க 23 கிலோ நைட்ரஜன் வீண். பம்ப் வைத்து 2 கிலோபாஸ்கலுக்கு உறிஞ்சிச் சேமித்துவிட்டு நைட்ரஜன் நிரப்பினால் ஐந்து கிலோவுக்குள் முடியும், ஹைட்ரஜனும் 0.4-க்கு இறங்கும். அதற்கு உள்ளே இருப்பவர் அழுத்த உடையில் இருந்தாக வேண்டும். ஆக, சாரியர் யாரும் “சும்மா எட்டிப் பார்க்க” வரமாட்டார்கள். வந்தால் காரணம் இருக்கும். அது உங்கள் கதைக்கு நல்லது.

எது பழுதாகும் என்றால், கதவு விளிம்பின் ரப்பர். சாதாரண ரப்பர் மைனஸ் 50-இல் கட்டையாகிவிடும்; சிலிக்கோன் தாங்கும். மனிதர் பக்க ஈரப்பதம் அந்த விளிம்பில் உறைபனியாகப் படியும். அடுத்த முறை கதவு மூடும்போது ஒரு மெல்லிய பனித்துண்டு இடையில் சிக்கினால் போதும், அம்மோனியா கசியும். 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவிலேயே உயிருக்கு ஆபத்து. நல்லவேளை, அதற்கு முன்பே மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் வாசலில் நீர்த்தூவல் வையுங்கள். அங்கே பித்தளைக் குழாய் போடாதீர்கள், அரித்துவிடும்; எஃகுதான்.

காப்பிக்கடை_மூலை:
சாப்பாட்டுக் கூடம் பற்றி மட்டும். நம் உணவங்காடி நிலையங்களில் தட்டு திருப்பி வைக்கும் இடம் ஹலாலுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று பிரித்திருக்கும். மேசை மட்டும் எல்லாருக்கும் பொது. கப்பலுக்கும் அதே ஏற்பாடு பொருந்தும். மனிதரும் ஊவரும் ஒரே மேசையில் உட்காரலாம், பாத்திரம் கழுவும் வழி மட்டும் தனி. ஊவரின் புரதம் நம்முடையதற்குக் கண்ணாடிப் பிம்பம் என்று வைத்துப் பாருங்கள். நம் உடம்பின் அமினோ அமிலங்கள் இடக்கை வகை. வலக்கை வகை உணவு வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. வாசனையும் மாறும். கார்வோன் என்ற ஒரே சேர்மம் ஒரு கை வடிவில் புதினா போலவும், மறு கை வடிவில் கேரவே விதை (சீரகம் போன்ற ஒரு மசாலா) போலவும் மணக்கும். ஊவர் சமையல் மணம் மனிதருக்கு ஏதோ தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருக்கும் என்று எழுத இந்த ஒன்று போதும்.

சொல்லாடி:
தமிழில் எழுதுகிறீர்கள், அதன் பலனை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. மலாயில் ‘கித்தா’, ‘காமி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். சாரியர் மொழியிலும் ஒரே சொல்தான் என்று வைத்தால், கசிவு நேரத்தில் சாரியர் ஒருவர் சொல்லும் வாக்கியத்தை மொழிபெயர்ப்புக் கருவி “நாம் வெளியேறுகிறோம்” என்றும் சொல்லலாம், “நாங்கள் வெளியேறுகிறோம்” என்றும் சொல்லலாம். யார் போவது, யார் இருப்பது என்பதே மாறிப்போகும்.

திணையையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஊவரை ‘அவர்’ என்கிறீர்கள், சரி. முதல் சந்திப்பில் மனிதப் பாத்திரம் சாரியரை ‘அது வருது’ என்று சொல்லி, பிறகு எந்த அத்தியாயத்தில் ‘அவர் வர்றார்’ என்று மாறுகிறார்? அந்த இடத்தை அறிவிக்காமல் வினைமுற்றிலேயே மாற்றிவிடுங்கள். தமிழ் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். வேறு மொழியில் இவ்வளவு சத்தமில்லாமல் இதைச் செய்வது கடினம்.

அப்பல்லோ–சோயுஸ் ஆட்கள் பேச்சுக்கு வைத்த வழியும் உதவும்: அமெரிக்கர் ரஷ்ய மொழியில் பேசினார்கள், ரஷ்யர் ஆங்கிலத்தில். வேற்று மொழிக்காரர் நிதானமாக, எளிய சொற்களில் பேசுவார். கேட்பவருக்கோ அது தாய்மொழி. எல்லாரையும் ஒரே பொதுமொழியில் தள்ளுவதைவிட இது பாத்திரங்களைப் பிரித்துக் காட்டும்.

தோபாயோ_வாசகி:
மூவருக்கும் நன்றி. சாரியர் வாசலை முழுக்கத் திருத்தி எழுதுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஊவரின் நாள் 30 மணி நேரம். தினமும் காலை 8 மணிக்குக் குழுக்கூட்டம் என்று வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

கப்பல்பட்டறை:
பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். 24-உம் 30-உம் 120 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சேரும். மனிதருக்கு ஐந்து நாள், ஊவருக்கு நான்கு. மனிதர் காலை 8 மணி என்பது ஊவர் கடிகாரத்தில் ஒவ்வொரு முறையும் 6 மணி நேரம் முன்னே வரும். ஊவர் 10 மணி நேரம் தூங்குபவர்கள் என்றால் ஐந்து கூட்டத்தில் ஒன்றிரண்டு அவர்கள் நடுத்தூக்கத்தில் விழும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; அட்டவணை போட்டவர் மனிதர், அவ்வளவுதான். இரண்டாம் மாதம் ஊவர் ஏன் எரிச்சலாக இருக்கிறார்கள் என்று எவருக்கும் புரியாது.

இங்கேதான் மூன்று பேர் என்ற எண்ணிக்கையும் வேலை செய்யும். தூக்கம் கெட்டதற்கு ஒரு ஊவர் சண்டை போடட்டும், ஒருவர் அதை மரியாதை என்று பொறுத்துக்கொள்ளட்டும், மூன்றாமவர் ரகசியமாக மனிதர் நேரத்துக்கு மாறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளட்டும். ஓர் இனத்துக்கு ஒரே குணம் என்று எழுதும் பழக்கம் அப்போது தானாக விலகும்.

எச்சரிக்கை மணியையும் ஒருமுறை பாருங்கள். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. சாரியருக்கு அதற்குக் கீழேதான் கேட்கும் என்றால் ஒலி போதாது. ஒளியும் தரை அதிர்வும் சேர வேண்டும். விளக்கு சிமிட்டும் வேகமும் முக்கியம்: 60 ஹெர்ட்ஸ் சிமிட்டல் நமக்கு அநேகமாக நிலையான வெளிச்சம், தேனீ போல 200 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு அது ஓயாத மினுக்கல். பொது நடைபாதையின் சாதாரண விளக்கே ஊவருக்கு நாள் முழுக்க அபாய விளக்காகத் தெரிந்தால், உண்மையான அபாய விளக்கு எரியும் அன்று அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.