இங்கிலீஷ்ல இந்த ‘த’ (the) எங்க போடணும், எங்க விடணும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைல கோயிலச் சுத்தி வெளிநாட்டுக்காரங்களக் கூட்டிட்டுப் போய்க் காமிக்கிற வேலை, இங்கிலீஷ் ஓரளவு ஓடுது ஆனா இந்த ‘த’ தான் உசுர வாங்குது. நேத்து ஒரு லண்டன் அம்மாகிட்ட ‘த மதுரை இஸ் ஆன் வைகை’ன்னுட்டேன், அவங்க சிரிச்சுக்கிட்டே ஊருக்கு வேணாம்ப்பா, ஆத்துக்குத்தான் வேணும், ‘மதுரை இஸ் ஆன் த வைகை’ன்னாங்க. ஆத்துல தண்ணியக் காணோம், ‘த’ மட்டும் கேக்குது பாருங்க.

நம்ம தமிழ்ல இதுக்குன்னு தனி வார்த்தையே இல்லைல, ‘புக்கு வாங்குனேன்’னா ஏதோ ஒரு புக்கு, ‘புக்க வாங்குனேன்’னா நாம பேசிக்கிட்டிருந்த அந்த புக்கு, அவ்வளவுதான் சோலி முடிஞ்சுச்சு. அங்க அப்பிடி இல்ல. பிள்ளை படிக்கப் போனா ‘கோ டு ஸ்கூல்’, அதே ஸ்கூலுக்கு அப்பா பீஸ் கட்டப் போனா ‘த ஸ்கூல்’. ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா பிரிட்டிஷ்காரங்க ‘இன் ஹாஸ்பிடல்’ங்கிறாங்க, அமெரிக்காக்காரங்க ‘இன் த ஹாஸ்பிடல்’ங்கிறாங்க, நான் யாரு பக்கம் சேர?

‘த யுனிவர்சிட்டி’, ‘தி அவர்’னு அடுத்த வார்த்தையோட மொத எழுத்தப் பாக்காம சத்தத்தப் பாத்துச் சொல்றது பழகிருச்சு, அதுல பிரச்சனை இல்ல.

ரூல் எல்லாம் படிச்சுட்டேன், வாயில வர மாட்டேங்குது. யோசிக்காம தானா வர நீங்க என்ன பண்ணுனீங்க? அப்பிடியே திருமலை நாயக்கர் மஹாலுக்கு முன்னாடி ‘த’ போடவா வேணாமான்னும் சொல்லுங்க, நாளைக்குக் காலைல ஒரு குரூப் வருது.