ஏழாவது ஆட்டத்தில் ஸோப்ரிஸ்ட் எங்கே நின்றார்?

ரிக்லிவாசி:
நேற்று பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (ஓய்வுபெற்ற சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) இழையில் ஒற்றைக்கிளவ் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: “யுடிலிட்டி பிளேயர் என்றால் ஒரு இடத்திலும் நிலைக்க முடியாமல், காலியான இடத்தில் நிறுத்தப்படுகிறவன். பென் ஸோப்ரிஸ்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் இரண்டாம் பேஸ்மேன். மற்றதெல்லாம் டிவிக்காரர்கள் கட்டிய கதை.”

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். 2016 வேர்ல்ட் சீரிஸ், அதாவது மேஜர் லீகின் இறுதித் தொடர், எங்கள் சிகாகோ கப்ஸும் கிளீவ்லாந்தும் மோதியது. ஏழாவது ஆட்டம், நவம்பர் 2, கிளீவ்லாந்து. ஸோப்ரிஸ்ட் எங்கே நின்றார்? லெஃப்ட் ஃபீல்டில், மைதானத்தின் இடது வெளிப்பகுதியில். உள்பகுதியில், இரண்டாம் பேஸில் நின்றவர் ஹவியர் பாயெஸ். அந்தத் தொடர் முழுக்க அப்படித்தான். 28 முறை அடிக்க வந்து 10 ஹிட், தொடரின் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர். இரண்டாம் பேஸ்மேனாம்!

ஒற்றைக்கிளவ்:
தூக்கம் கெட்டதற்கு வருந்துகிறேன். அவர் ஆடியது 1651 ஆட்டங்கள். அதில் பாதிக்கு மேல் இரண்டாம் பேஸ். நீங்கள் ஒரு ராத்திரியை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

2015 டிசம்பரில் கப்ஸ் அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலர் கொடுத்தது. அதே நாளில் ஸ்டார்லின் காஸ்ட்ரோவை யாங்கீஸுக்கு அனுப்பியது. காஸ்ட்ரோ அப்போது எங்கே ஆடிக்கொண்டிருந்தார்? இரண்டாம் பேஸில். யார் குடிவரப் போகிறார் என்று தெரிந்துதானே வீட்டைக் காலி செய்வார்கள்?

புதுவாசகன்:
வணக்கம். நான் கிரிக்கெட் ஆள், போன வருடம்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை இடத்தில் ஆடினால் யுடிலிட்டி என்று கணக்கு ஏதும் உண்டா?

ரிக்லிவாசி:
வீட்டைக் காலி செய்தார்கள், சரி. அக்டோபரில் அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? பாயெஸ். ஸோப்ரிஸ்ட் எங்கே போனார்? லெஃப்ட் ஃபீல்டுக்கு. ஏப்ரலிலேயே கைல் ஷ்வார்பருக்கு முழங்கால் போய்விட்டது, அங்கே ஆள் வேண்டியிருந்தது. 5.6 கோடி வாங்குகிற மனுஷன் முகம் சுளிக்காமல் போய் நின்றார். நான் சொல்வதும் அதைத்தான்.

டாம்பாவெயில்:
கப்ஸ்காரர்கள் பேசுவதைக் கேட்டால் ஸோப்ரிஸ்ட் 2016இல்தான் பிறந்தார் போலிருக்கிறது. ஐயா, அவரை வளர்த்தது எங்கள் டாம்பா பே ரேஸ் அணி. 2006இல் ஆப்ரி ஹஃபை ஹூஸ்டனுக்குக் கொடுத்து வாங்கினோம். வந்தபோது அவர் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர். அந்த வருடம் பேட்டிங் சராசரி .224 (ஆயிரம் முறை அடிக்க வந்தால் 224 ஹிட்), அடுத்த வருடம் .155. வேறு அணியாக இருந்தால் மூட்டை கட்டச் சொல்லியிருக்கும். மேலாளர் ஜோ மேடன் அவரை விடவில்லை. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று இடம் மாற்றி மாற்றி ஆட வைத்தார். 2009இல் 27 ஹோம் ரன், சராசரி .297, லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இடம். ‘ஸோரில்லா’ என்று மேடன் பெயர் வைத்தது அந்தக் காலத்தில்தான். பாதி காலியான டிராபிகானா ஃபீல்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவன் நான்.

அப்புறம் நீங்கள் மேடனையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், ஸோப்ரிஸ்டையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். இப்போது கதையையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள்.

ஒற்றைக்கிளவ்:
நன்றி டாம்பாவெயில். 2009இல் அவர் அதிகம் ஆடிய இடம் எது என்றும் சொல்லிவிடுங்கள். நான் சொல்கிறேன்: இரண்டாம் பேஸ்.

டாம்பாவெயில்:
நான் உங்கள் கட்சி இல்லை. என் பெயரைச் சொல்லி ஆள் சேர்க்காதீர்கள்.

ரிக்லிவாசி:
2009ஐச் சொன்னீர்கள், 2012ஐ ஏன் சொல்லவில்லை? ரைட் ஃபீல்டு, இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப். மூன்றிலும் தலா 40 ஆட்டங்களுக்கு மேல். ஆகஸ்டில் அணிக்கு ஷார்ட்ஸ்டாப் சரியில்லை என்றதும் 31 வயது ஆளை அங்கே நிறுத்தினார்கள். நின்றார். இது டிவிக்காரன் கட்டிய கதையா?

கிளவ் பற்றி ஒன்று சொல்கிறேன், பெயரிலேயே கிளவ் வைத்திருப்பவருக்காக. என் மகன் இங்கே சிறுவர் லீகில் ஆடுகிறான். கார் டிக்கியில் இரண்டு கிளவ் கிடக்கிறது. ஒன்று 11.5 அங்குலம், குழி ஆழமில்லாதது. இரண்டாம் பேஸில் டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) வந்தால் பந்தை உள்ளே தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, விரல் போனதும் பந்து கையில் வந்துவிட வேண்டும். இன்னொன்று 12.75 அங்குலம், அவுட்ஃபீல்டுக்கு. ஓடி எட்டிப் பிடிக்க நீளம் வேண்டும், பிடித்தது நழுவாமலிருக்க ஆழம் வேண்டும். இதைக் கழற்றி அதை மாட்டினால் முதல் ஐந்து நிமிடம் கை தனக்கே சொந்தமில்லை என்கிறான் பையன். பந்து வரும் கோணம் வேறு, கால் வைக்கும் முறை வேறு, எறியும் தூரம் வேறு. இத்தனையையும் 162 ஆட்டம் ஆடும் லீகில், வாரத்துக்கு வாரம், பேட்டிங் கெடாமல் செய்தவரைத்தான் ‘நிலைக்க முடியாதவன்’ கணக்கு என்கிறீர்கள்.

பையனுடைய முதல் கோச் அவனை எல்லா இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, பெற்றோர் முன்னாலேயே “இவன் மிச்சம் மீதிக்கு” என்று சிரித்தார். பையன் காரில் ஏறிய பிறகு அழுதான். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நேற்று நீங்கள் எழுதியதும் அதே வார்த்தைதான், எழுத்து மட்டும் வேறு.

ஒற்றைக்கிளவ்:
உங்கள் மகன் அழுததற்கு நான் பொறுப்பில்லை. ஸோப்ரிஸ்டை நான் தாழ்த்தவும் இல்லை. அவர் யுடிலிட்டியை விட மேல் என்றுதான் சொன்னேன். நீங்கள்தான் அவரைக் கீழே இழுக்கிறீர்கள்.

ரிக்லிவாசி:
பிடித்துக்கொண்டேன். “யுடிலிட்டியை விட மேல்.” உங்கள் மனதில் இருப்பது இதுதான். நன்றாக ஆடினால் இரண்டாம் பேஸ்மேன், சுமாராக ஆடினால் யுடிலிட்டி. அப்படியானால் நல்ல யுடிலிட்டி பிளேயர் என்று ஒருவர் எந்தக் காலத்திலும் இருக்க முடியாது. ஏழாவது ஆட்டத்தில் எங்கே நின்றார்?

செயின்ட்லூயிஸ் மாமா:
தம்பிகளா, எத்தனை முறை அதையே கேட்பீர்கள். உண்மையான யுடிலிட்டி ஆள் எங்கள் கார்டினல்ஸின் ஹோசே ஒகேண்டோ. 1988 ஒரே சீசனில் ஒன்பது இடத்திலும் ஆடினார், பிட்சர் (பந்து வீசுபவர்), கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிப்பவர்) உட்பட. அந்த மே மாதம் 19 இன்னிங்ஸ் போன ஆட்டத்தில் அட்லாண்டாவுக்கு எதிராக 4 இன்னிங்ஸ் பந்து வீசினார். உங்கள் ஸோப்ரிஸ்ட் கேட்சராக நின்றாரா?

டாம்பாவெயில்:
அந்த ஆட்டத்தில் தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மாமா.

செயின்ட்லூயிஸ் மாமா:
தோற்றார். 4 இன்னிங்ஸ் தாக்குப்பிடித்துவிட்டுத் தோற்றார். அவர் பிட்சரே இல்லை!

ஸ்கோர்கார்டு:
ஒன்பது இடம் என்றால் பெர்ட் காம்பனேரிஸ். 1965 செப்டம்பர் 8, ஒரே ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், ஒன்பது இடம். மேஜர் லீகில் அதுதான் முதல் முறை. கடைசி இன்னிங்ஸில் கேட்சராக இருந்தபோது ஹோம் பிளேட்டில் மோதி அடிபட்டு வெளியேறினார்.

செயின்ட்லூயிஸ் மாமா:
அது டிக்கெட் விற்க நடத்திய வேடிக்கை. ஒகேண்டோவைத் தேவைக்காக ஆட வைத்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஸ்கோர்கார்டு:
அடிபட்டது வேடிக்கையா?

ஒற்றைக்கிளவ்:
மாமா, ஒகேண்டோ 1989இல் எங்கே ஆடினார்? நிரந்தர இரண்டாம் பேஸ்மேனாக. நன்றாக ஆடியதும் ஒரு இடம் கொடுத்துவிட்டார்கள். என் பக்கத்துக்குச் சாட்சி சொன்னதற்கு நன்றி.

செயின்ட்லூயிஸ் மாமா:
நான் யாருக்கும் சாட்சி சொல்லவில்லை.

ரிக்லிவாசி:
ஒகேண்டோவை விடுங்கள். பேச வேண்டியது டோனி ஃபிலிப்ஸைப் பற்றி. 1982 முதல் 1999 வரை 18 சீசன். இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், அவுட்ஃபீல்டு. 2023 ஹிட். 1989இல் ஓக்லாண்ட் வேர்ல்ட் சீரிஸை வென்றபோது கடைசி அவுட்டுக்குப் பந்தைப் பிடித்து எறிந்த கை அவருடையது. ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு எத்தனை முறை அழைத்தார்கள்? ஒரு முறைகூட இல்லை. ஓட்டுச்சீட்டில் பெயர் போட ஒரு இடம் வேண்டும். இடம் இல்லாதவனுக்கு ஓட்டும் இல்லை.

ஸோப்ரிஸ்ட் மூன்று முறை ஆல்-ஸ்டார். ஆனால் 2025 ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் ஒரு ஓட்டுகூட விழவில்லை. பூஜ்யம். உள்ளே எடுக்கத் தகுதி உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. மரியாதைக்கு ஒரு ஓட்டு போட ஒரு பத்திரிகைக்காரர்கூட இல்லையா? எல்லார் மனதிலும் ஒற்றைக்கிளவ் மாதிரி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

டாம்பாவெயில்:
காசிலும் அதே கதைதான். 2009 மாதிரி ஒரு சீசன் ஆடிய ஆளை 2010இல் எங்கள் அணி 4 ஆண்டுக்கு 1.8 கோடிக்குக் கட்டிப்போட்டது. ரசிகனாக எனக்குச் சந்தோஷம். ஆனால் ‘அவர் ஷார்ட்ஸ்டாப்’ என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் அந்த விலைக்குக் கிடைத்திருப்பாரா?

ஒற்றைக்கிளவ்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! அந்தப் பெயர் அவருக்குக் கெடுதல் செய்தது. இரண்டாம் பேஸ்மேன் என்று சொல்லியிருந்தால் ஓட்டும் விழுந்திருக்கும், காசும் வந்திருக்கும். 2015இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் கோப்பை வென்றதே, அப்போது எங்கே நின்றார் என்று ரிக்லிவாசி ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்? இரண்டாம் பேஸ்.

ரிக்லிவாசி:
கேட்கிறேனே. ராயல்ஸ் அந்த ஜூலையில் அவரை எதற்கு வாங்கியது? அலெக்ஸ் கார்டனுக்கு அடிபட்டு லெஃப்ட் ஃபீல்டு காலியாக இருந்தது. முதலில் அங்கே போய் நின்றார். கார்டன் திரும்பியதும் இரண்டாம் பேஸில் ஒமார் இன்ஃபான்டே அடிக்காமல் திணறிக்கொண்டிருந்தார், அங்கே போனார். ஒரு ஆளை வாங்கி இரண்டு ஓட்டையை அடைத்தார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் படத்தின் இரண்டாம் பாதியை மட்டும் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதுகிறீர்கள்.

இப்போது ஏழாவது ஆட்டத்தைச் சொல்லியே தீருவேன். நான் அதை சிகாகோவில், குடியிருப்பின் கீழ்த்தளத்து டிவி அறையில், முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேரோடு பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் ரஜாய் டேவிஸ் எங்கள் பிட்சர் சாப்மனின் பந்தை அடித்தார். பந்து போனது லெஃப்ட் ஃபீல்டு பக்கம். அந்தச் சுவர் 19 அடி. அதையும் தாண்டிப் போனதைக் கீழே நின்று பார்த்தவர் ஸோப்ரிஸ்ட். 6-6. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் மழை, 17 நிமிடம். பத்தாவது இன்னிங்ஸில் ஷ்வார்பர் ஹிட், அவருக்குப் பதில் ஓட வந்த அல்மோரா இரண்டாம் பேஸ் வரை போய்விட்டார். ரிஸ்ஸோவை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். ஏனென்றால் அடுத்து வருவது ஸோப்ரிஸ்ட், ‘யுடிலிட்டி’. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது, மூன்றாவது விழுந்தால் அவுட். பிரையன் ஷா வெளிப்பக்கம் போட்ட பந்தை இழுக்காமல், போன திசையிலேயே தள்ளிவிட்டார். மூன்றாம் பேஸைக் கடந்து கோட்டை ஒட்டி உருண்டது. அல்மோரா உள்ளே வந்துவிட்டார். ஸோப்ரிஸ்ட் இரண்டாம் பேஸில் நின்று குதித்த குதி இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. 1908க்குப் பிறகு வராத கோப்பை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைப் பிடித்து அழுத்தியதில் மறுநாள் வரை வலி இருந்தது.

இல்லினாய்ஸில் யுரேகா என்ற சின்ன ஊர்ப் பையன். பள்ளி முடித்தபோது எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. 50 டாலர் கட்டி ஒரு தேர்வு முகாமுக்குப் போனதில்தான் வாய்ப்பே வந்தது. எங்கே நிறுத்தினாலும் நிற்கிறேன் என்று சொல்லாமல் அவர் இங்கே வந்திருக்கவே முடியாது.

ஒற்றைக்கிளவ்:
நீளமாக எழுதினால் உண்மை மாறிவிடாது. உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது: குதித்தது இரண்டாம் பேஸில்.

ரிக்லிவாசி:
அது ஓடிப்போய் நின்ற இடம் ஐயா! டபுள் அடித்தால் இரண்டாம் பேஸில்தான் நிற்க முடியும்!

ஸ்கோர்கார்டு:
2019இல் ஒரு இன்னிங்ஸ் பந்தும் வீசினார், ரன் கொடுக்கவில்லை. யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன்.

செயின்ட்லூயிஸ் மாமா:
ஒரு இன்னிங்ஸ். ஒகேண்டோ 4.

டாம்பாவெயில்:
சிறந்த ஃபீல்டர்களுக்கான கோல்ட் கிளவ் விருதில் யுடிலிட்டிக்குத் தனிப் பிரிவு வந்ததே 2022இல்தான். 2009இல் இருந்திருந்தால் எங்கள் ஆளுக்கு ஒன்றாவது கிடைத்திருக்கும். ‘எங்கள் ஆள்’, கவனிக்க.

ரிக்லிவாசி:
கோப்பை வென்றவருக்குக் கொடுக்கும் மோதிரத்தை யார் அணியில் வாங்கினார்?

டாம்பாவெயில்:
முதல் மோதிரம் ராயல்ஸில். அதுவும் உங்களுடையது இல்லை.

புதுவாசகன்:
மன்னிக்கவும், மறுபடி கேட்கிறேன். எத்தனை இடத்தில் ஆடினால் யுடிலிட்டி?

ஒற்றைக்கிளவ்:
பாதிக்கு மேல் ஒரே இடத்தில் ஆடியவரைப் பற்றி இப்படிக் கேட்காதீர்கள்.

ரிக்லிவாசி:
நண்பரே, இப்போதைக்கு ஒன்றை மட்டும் பாருங்கள். ஏழாவது ஆட்டத்தின் ஸ்கோர்கார்டை எடுங்கள். கப்ஸ் வரிசையில் ஸோப்ரிஸ்ட் பெயர் இருக்கும். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள். இவருக்கு என்னால் சொல்லி மாளவில்லை.

ஒற்றைக்கிளவ்:
அந்த ஒரு தாளோடு மற்ற 1650 தாளையும் எடுத்து வரச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.