பிரிட்டன்ஸ் வில்லாளிகள் வந்தால் பிளாக்ஸ்மித்தில் (கொல்லர் பட்டறை) எந்த மேம்பாட்டை முதலில் எடுப்பது?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷன் வீடியோ கேம், அரேபியா மேப், ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். நான் ஃபிராங்க்ஸ். எதிரில் பிரிட்டன்ஸ் என்றால் காசில் ஏஜ் (ஆட்டத்தின் மூன்றாவது கட்டம்) வந்த கொஞ்ச நேரத்திலேயே என் நைட்டுகள் (குதிரை வீரர்கள்) கிராஸ்போ (குறுக்குவில் வீரர்) கூட்டத்திடம் கரைந்துவிடுகின்றன. இரண்டு ஸ்டேபிளில் (குதிரை லாயம்) விடாமல் நைட் எடுத்துப் பார்த்தேன், தாக்கும் வலிமையைக் கூட்டும் அயர்ன் காஸ்டிங்கை முதலில் எடுத்தேன், அப்புறம் குதிரைகளின் வேகத்தைக் கூட்டும் ஹஸ்பண்ட்ரி எடுத்து வேகமாக மோதியும் பார்த்தேன், பலனில்லை. ஸ்கேல் பார்டிங், செயின் பார்டிங் என்ற குதிரைப்படைக் கவச மேம்பாடுகள் இரண்டும் இருந்தால் அம்புக்கு எதிரான கவசம் 2இலிருந்து 4 ஆகும், போட்கின் (அம்பின் வலிமையைக் கூட்டும் மேம்பாடு) வரை எடுத்த கிராஸ்போ அடித்தால் நைட்டின் உயிர்ப்புள்ளி 5க்குப் பதில் 3தான் குறையும், அது பெரிய வித்தியாசம். ஆனால் செயின் பார்டிங்குக்கு 250 உணவு, 150 தங்கம் போகிறது, அந்தத் தங்கம் இரண்டு நைட்டுக்குச் சமம்.

காசில் ஏஜுக்குள் நுழைந்ததுமே செயின் பார்டிங் எடுக்க வேண்டுமா, இல்லை ஓரளவு நைட் சேர்ந்த பிறகா?