நுகர்வோருக்காக வாதாடும் அமைப்பு அரசின் அங்கமாக இருக்க வேண்டுமா?

பொருநை:
பிரிட்டனில் நுகர்வோர் சட்டத்தை அமல்படுத்திவந்த அரசு அமைப்பான நியாய வணிக அலுவலகம் 2014 ஏப்ரலில் மூடப்பட்டது. நுகர்வோருக்காக வாதாட கன்ஸ்யூமர் ஃபோகஸ் என்ற பெயரில் 2008-இல் தொடங்கப்பட்ட அரசு சார்ந்த அமைப்பின் பணிகளும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். மின்கட்டண ரசீதில் 'பழைய பாக்கி' என்று திடீரென ஏறியிருக்கும் தொகையைக் காட்டி வழி கேட்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரும்போது, அது அவர்களின் கவனக்குறைவு அல்ல, நிறுவனத்தின் கணக்கு முறையிலேயே உள்ள கோளாறு என்பது அவர்களை நேரில் சந்திக்கும் அமைப்புக்குத்தான் முதலில் புலப்படும்.

வன்னி:
பொருநை அவர்கள் பாதியை மட்டுமே சொல்கிறார். அதே சீர்திருத்தம் அமலாக்கத்தின் பெரும்பகுதியை விற்பனையாளர்களைக் கண்காணிக்கும் உள்ளாட்சிகளின் வணிகத் தரப் பிரிவுகள்மீது சுமத்தியது; அந்த ஆண்டுகளில்தான் உள்ளாட்சிகளுக்கான நிதியும் வெட்டப்பட்டது. இணையதளம் நடத்தி நாடு முழுவதும் ஏமாற்றும் ஒரு விற்பனையாளரை விசாரிக்கும் செலவு ஒரே உள்ளாட்சி மன்றத்தின் தலையில் விழும், பலனோ எல்லா ஊர்களுக்கும் போகும் என்றால், எந்த மன்றம் தானாக முன்வரும்? ஆலோசனை கிடைத்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆலோசனையால் என்ன பயன்?

பொருநை:
அமலாக்கம் பலவீனமானதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது வாதாடும் பணியை இடம் மாற்றியதன் குற்றம் அல்ல. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் அமைப்பு ஒரு சந்தையைப் பற்றி உயர்நிலைப் புகார் அளித்தால், ஒழுங்குமுறை அமைப்பு 90 நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அந்த உரிமையைப் பயன்படுத்தி, கைபேசி, அகன்ற அலைவரிசை, வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்திலும் பழைய வாடிக்கையாளர்களே அதிகம் இழக்கிறார்கள் என்று காட்டியது. 2022 ஜனவரி முதல், வீடு, வாகனக் காப்பீட்டைப் புதுப்பிப்போரிடம் புதியவர்களைவிடக் கூடுதலாக வசூலிப்பது தடை செய்யப்பட்டது.

செங்கழனி:
மின்சாரம், எரிவாயு, அஞ்சல் ஆகிய துறைகளில் இந்த வாதப்பணிக்கான செலவு அந்தந்த நிறுவனங்களிடமே வசூலிக்கப்படுகிறது. நிலையான நிதி இருப்பதால்தான் அங்கே ஆழமான வேலை நடக்கிறது என்பது என் எண்ணம்.

வன்னி:
புகாருக்கும் தடைக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவ்வளவு காலமும் முதியோர் பலர் கூடுதல் பிரீமியம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நீதிமன்றத்துக்குப் போகாமலே நுகர்வோர் சட்ட மீறலுக்கு உலகளாவிய விற்றுவரவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம், 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்து, 2025 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த அதிகாரத்தை 2014-இலேயே கொடுத்துவிட்டு, அதன் பிறகு பழைய அலுவலகத்தை மூடியிருக்க வேண்டும்.